பாக்கியநாதன் பொத்தல்

முதலில் என்னைக் கெடுத்தவன் சூசைமாணிக்கம். அதற்குப் பிறகு கெடுத்தவர்கள் நிறையப் பேர், அவர்களையும் வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். ஆனால் வரிசையில் முதல் ஆள் அவன்தான். என் மனைவி ஞானப்பூவின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான், திருச்சி கரிக்கொட்டகைத் தெருவில் ஏழாம் எண் வீட்டுக்காரன். என் பெயர் பாக்கியநாதன். ஐந்தாவது வரை படித்தவன். அந்தத் தெருவை நீங்கள் சுற்றிப் பார்க்கப் போயிருந்தால் என் பெயரை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், கேட்டுச் சிரித்தும் இருப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கரிக்கொட்டகைத் தெருவில் ஒரே வரிசைதான், இருபத்துமூன்று வீடுகள், வீடுகளுக்கு எதிரே தண்டவாளம். நீராவி எஞ்சின் காலத்தில் தண்டவாளம் தள்ளித்தான் இருந்தது. பிறகு புதுப் பாதை வந்தது, வந்த பாதை வீடுகளுக்குள் ஒரு முழம் நுழைந்தாற்போல் வந்தது, அளந்தவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. முதல் வண்டி வந்த அன்று வாசலில் நின்ற பெண்கள் எஞ்சினைப் பார்த்துப் பயந்து வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்தார்கள். அவர்கள் எக்கியதும் அவர்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளும் எக்கின. சுவர் உள்ளே போனது, நிலை உள்ளே போனது, ஜன்னல் கம்பிகள் வளையாமல் முறியாமல் உள்ளே போயின, வண்டி சட்டையின் மேல் துணி உரசுகிற மாதிரி உரசிக்கொண்டு கடந்தது. கடைசிப் பெட்டி போனதும் பெண்கள் மூச்சை விட்டார்கள், வீடுகளும் விட்டு, பழைய இடத்துக்கு வந்து நின்றன. "புத்தியுள்ள வீடு" என்று ஒருத்தி சொன்னாளாம். அதோடு உள்ளே போய் உலை வைத்தாளாம்.

யாரும் காரணம் தேடவில்லை. தேட நேரம் ஏது, தினம் ஆறு வண்டி. கட்டிலைச் சுவரோரம் போடக்கூடாது, முன்சுவரில் காலண்டர் மாட்டக்கூடாது, வண்டி நேரத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் படிந்துகொண்டது. எந்த வீடு எக்க வேண்டுமானாலும் சிறுபிள்ளைகள் தவிர அந்த வீட்டுக்குள் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடிக்க வேண்டும், ஒருவர் விட்டால் வீடும் விட்டுவிடும். அதனால் இழுப்பு நோய்க்காரர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், விக்கல் வந்தவர்கள் தாங்களாகவே எழுந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள், பங்குச் சாமியார் சாயங்காலப் பூசையைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தார். மூச்சைக் கடிகாரத்தால் அளக்கவில்லை, செபத்தால் அளந்தார்கள். பாசஞ்சர் வண்டிக்கு மனதுக்குள் இரண்டு 'அருள் நிறைந்த மரியே', எக்ஸ்பிரசுக்கு ஒன்றே போதும், கூட்ஸ் வண்டி என்றால் ஐந்து. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, கூட்ஸ் தாங்குமா என்றுதான் கேட்டார்கள்.

நான் ஏழாம் எண்ணுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். குழம்பில் மீன் துண்டு கடைசியாக வரும், அதுவும் வாலாக வரும். ஆனால் அந்தத் தெருவில் எனக்கு ஒரு வேலை வாய்த்தது, அந்த வேலையில் எனக்கு மரியாதை இருந்தது. தண்டவாளத்தில் காதை வைத்தால் வண்டி கால்வாய்ப் பாலம் தாண்டிவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியும். தாண்டியதும் எழுந்து ஏழாம் எண் வாசற்படிக்கு வந்து "எக்கு" என்று ஒரு சத்தம் கொடுப்பேன், இருபத்துமூன்று வீடும் எக்கும், கடைசிப் பெட்டி போனதும் "விடு" என்பேன், இருபத்துமூன்று வீடும் விடும். தூசிக்குப் பயந்து எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். சத்தம் கொடுக்கிறவன் மட்டும் கடைசிப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பதால் கண்ணைத் திறந்தே வைத்திருப்பான். பதினொரு வருடம் அப்படிக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அதுதான் எனக்கு வினையானது.

சூசைமாணிக்கத்தின் மகள் ரெஜினா பிறந்தபோது பிழைக்காது என்று கைவிட்ட குழந்தை. அவன் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை வைத்தான், குழந்தை பிழைத்தால் ஆயுசுக்கும் பீடியைத் தொடமாட்டேன் என்று. குழந்தை பிழைத்தது. தினம் இரண்டு கட்டு பீடி குடித்தவன் ஒரே நாளில் விட்டுவிட்டான் என்று தெருவே அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சாமியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார்.

ரெஜினாவுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு மாதத்து முதல் வெள்ளி, சாயங்காலம் நாலு பத்து பாசஞ்சர். நான் சத்தம் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே ஞானப்பூவும் சூசைமாணிக்கத்தின் பெண்சாதியும், பெண்சாதி இடுப்பில் குழந்தை. சூசைமாணிக்கம் கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்து நின்றான், வாயை இறுக்கி மூடியிருந்தான், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. முன்கூட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். மூன்றாவது பெட்டி வரும்போது அவன் மூக்கிலிருந்து இரண்டு நூல் புகை வந்தது. பிறகு இருமல். பிறகு எல்லாமே வெளியே வந்துவிட்டது.

வீடும் விட்டது. நாலாவது பெட்டியின் படிக்கட்டு முன்சுவரில் மாட்டி, கதவையும் நிலையையும் பக்கத்து மாடக்குழியையும் பிய்த்துக்கொண்டு போனது. கதவு கரூர் வரைக்கும் போய், மறுநாள் சாக்பீசில் விலாசம் எழுதித் திரும்பி வந்தது. மாடக்குழியில் இருந்த மாதா சுரூபம் கீழே விழுந்து ஒரு கை போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மாதாவின் கை போய்விட்டதே, அதை எந்தத் தெரு பொறுக்கும்.

தூசி அடங்குவதற்கு முன்பே சூசைமாணிக்கம் சொன்னான், "பாக்கியநாதன் விட்டுட்டான்" என்று.

நான் திரும்பி, "மச்சான், பொகை" என்று ஆரம்பித்தேன். அவன், பெண்சாதி இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தான், கையில்லாத மாதாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்துவிட்டது. நேர்ச்சை உடைந்தது தெரிந்தால் அந்தக் குழந்தையின் உயிருக்கு என்ன வருமோ என்று அவன் பெண்சாதி செத்தே போவாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம்தான் மூடிக்கொண்டேன். நான் செய்த ஒரே தப்பு அந்த ஒரு நிமிடம். அதற்குள் தெரு கூடிவிட்டது, கத்தின மூச்சோட நின்னான், தாங்கல, இருமிட்டான் என்று பேச்சு கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் பீடி என்றேன், புகை என்றேன், மாதா மேல் ஆணை என்றேன். குழந்தைக்காக பீடியை விட்ட மனிதன் மேல் பழி போடுகிறான் பார் என்றார்கள்.

என்னைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வண்டி நேரத்துக்கு மட்டும் எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள், விக்கல்காரர்கள் நிற்கிற இடத்தில், ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில். நான் பயிற்றுவித்த தெரு வேறு ஒருவன் சத்தத்துக்கு எக்குவதை ஒரு நாளைக்கு ஆறு முறை அங்கே நின்று பார்த்தேன். எட்டு மாதம் பார்த்தேன். பிறகு ஞானப்பூவைக் கூட்டிக்கொண்டு மணப்பாறைக்குப் போய் ஒரு முறுக்குக் கடையில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தேன்.

ஞானப்பூ அன்று கண்ணை மூடியிருந்தவள். அண்ணனையும் சொல்லமாட்டாள், என்னையும் சொல்லமாட்டாள். நான் அந்தப் பேச்சை எடுத்தால், "விடுங்க, நீங்களே விட்டிருந்தாத்தான் என்ன" என்பாள். முப்பது வருடம் அப்படிச் சொன்னாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் படுத்த படுக்கையாக இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லங்க, மூச்சுதானே, எல்லாரும் ஒருநாள் விடுறதுதானே" என்றாள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். மன்னித்துவிட்டுப் போனாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் யாரிடம் சொல்வது.

இதற்கிடையில் யாரோ போனில் படம் பிடித்துப் போட்டு, கரிக்கொட்டகைத் தெரு பெரிய இடமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், கல்யாண ஜோடிகள் போட்டோக்காரரோடு வந்தார்கள். என் மகள் பிலோமி போனில் அதைக் காட்டி, "போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, பொறந்த வீடு பொறந்த வீடுன்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சு, மனசு ஆறும்" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். மணப்பாறையில் பிறந்தவள், அவளுக்கு எதுவும் தெரியாது. மூச்சுவிட்டவன் மகள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அவளிடம் நான் சொன்னதே இல்லை.

நான் வாழ்ந்த தெருவுக்குள் கழுத்தில் பெயர் அட்டை மாட்டிக்கொண்டு நுழைந்தேன். முதலில் ஒரு கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். நீலச் சேலை கட்டிய ஒரு பெண், கையில் ஸ்டாப்வாட்ச். "பெரியவரே, வயித்த எக்குங்க, தோள ஏன் தூக்குறீங்க" என்றாள். எனக்கு. "நீங்க கூட்ஸ் வண்டி ஷோவுக்கு வேணாம், பாசஞ்சரோட நிறுத்திக்குங்க" என்றாள். எனக்கு. கூட்ஸ் வண்டிக்கு ஆறு அருள்நிறை தாங்கினவன் நான், அந்தத் தெருவில் வேறு யாரும் ஆறு தாங்கியதில்லை. வரிசையில் நில் என்றார்கள், நின்றேன். செருப்பைக் கழற்று என்றார்கள், கழற்றினேன். ஏழாம் எண்ணுக்கு ஏன் இவ்வளவு பெரிய வரிசை என்று கேட்டேன். பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தொப்பி போட்டவர், "அதானுங்க மெயின். பாக்கியநாதன் பொத்தல்" என்றார்.

பெட்டி பிய்த்த சுவரை அவர்களால் அடைக்க முடியவில்லை. அடைத்த செங்கல் ஒவ்வொரு வண்டிக்கும் உதிர்ந்துவிடுமாம், அப்படியே விட்டுவிட்டார்கள். பொத்தலுக்கு மேலே பெரிய எழுத்தில் என் பெயர். பக்கத்தில் கன்னம் உப்பிய ஒரு பொம்மை, அதுதான் நானாம். ஆட்கள் ஒவ்வொருவராகப் பொத்தலில் தலையை விட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டு படம் எடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் தலையை விட்டார். "ஏங்க, அப்படியே பாக்கியநாதன் மாதிரியே இருக்கீங்க" என்று அவர் மனைவி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

மைக் வைத்துக் கதை சொன்னவள் ரெஜினா. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அம்மாவின் நெற்றி, அப்பனின் மூக்கு. நல்ல ஆரோக்கியமாக இருந்தாள். "இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவருதான், தெருவுக்கே காவல் மாதிரி இருக்க வேண்டியவரு, அவரே விட்டுட்டாரு" என்று முடித்துவிட்டு என் அட்டையைப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பேரும் பாக்கியநாதனா?"

"ஆமா."

"இந்தப் பேரோட உள்ள வந்தா வீடு பயந்துக்குமேய்யா" என்றாள். மறுபடியும் சிரித்தார்கள். "சும்மா சொன்னேன், வாங்க. அப்பா உள்ள இருக்காரு, அவரோட நின்னு படம் எடுத்துக்கலாம்."

சூசைமாணிக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுபத்தெட்டு இருக்கும். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், மடியில் கையில்லாத மாதா. அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்து அவள் படம் பின்சுவரில் மாலையோடு இருந்தது. மற்றவர்கள் படம் எடுத்து நகரும் வரை நின்று, கடைசியாகப் போய் எதிரே நின்றேன்.

"வந்துட்டியா மாப்ள" என்றான்.

"டிக்கெட் எடுத்து வந்திருக்கேன்."

"நீ எதுக்கு டிக்கெட் எடுத்த?"

"சொந்தக்காரனா வந்தா ஆமணக்குச் செடிகிட்ட நிக்கச் சொல்லுவீங்க. டூரிஸ்ட்டா வந்தா உள்ள விடுறீங்க."

அவன் சிரித்தான், பல் இரண்டுதான் இருந்தது. "உன் வாயி மட்டும் அப்படியே இருக்கு."

"ஞானப்பூ போனதுக்கு வரல நீங்க."

"காலு முடியல."

"காலு முடியலையா, மொகம் முடியலையா?"

அவன் மாதாவின் உடைந்த தோளைத் தடவினான். "என்ன வேணும் உனக்கு?"

"ஒரு வார்த்த. அந்த மைக்ல. என் பேர எடுத்துட்டு உங்க பேரச் சொல்லுங்க, போயிடுறேன்."

"முப்பத்தொரு வருசம் ஆச்சு மாப்ள. பொத்தலுக்கு யார் பேரு இருந்தா என்ன?"

"அப்ப உங்க பேரு இருக்கட்டுமே."

அவன் ரெஜினாவைப் பார்த்தான். அவள் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். "அது அவ உசுருக்கு வச்ச நேர்ச்சை" என்று மெதுவாகச் சொன்னான். "தெரிஞ்சா அவ எப்படி எடுத்துக்குவா? அப்பன் என் உசுர பீடிக்குக் குடுத்தான்னு நெனைக்க மாட்டாளா?"

"அவ உசுருக்கு ஒண்ணும் ஆகல. முன்னாடி நிக்கிறா பாருங்க, கல்லு மாதிரி."

"இருந்தாலும்."

"இருந்தாலும்தான் மச்சான் நானும் அன்னைக்கு ஒரு நிமிசம் வாய மூடினேன். உங்களுக்காக மூடினேன். ஞானப்பூ தெரியாமலே போயிட்டா. அந்த ஒரு நிமிசத்தத் திருப்பிக் குடுங்க, போதும்."

அவன் மடியில் இருந்த மாதாவை நேராக நிறுத்தினான். கண்ணில் அன்று மாதிரியே தண்ணீர் கட்டியது. பிறகு தலையை ஆட்டினான். "நாலு பத்து போகட்டும். சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

நான் நம்பினேன். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நாலு பத்து வந்தது. ரெஜினா "எக்கு" என்றாள், நல்ல கணீரென்ற சத்தம், குறை சொல்ல முடியாது. டூரிஸ்ட்டுகள் கண்ணை மூடிக் கன்னத்தை உப்பினார்கள். சுவர் உள்ளே வந்தது, பொத்தலும் உள்ளே வந்தது, வெளிச்சம் குறைந்தது, வண்டி உரசிக்கொண்டு கடந்தது. பழைய பழக்கத்தில் நான் கண்ணை மூடவில்லை. எதிரே சூசைமாணிக்கமும் மூடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இரண்டு அருள்நிறை போனது. கடைசிப் பெட்டி போனது. ரெஜினா "விடு" என்றாள்.

எல்லோரும் விட்டார்கள். கைதட்டினார்கள். தெருவில் இருபத்திரண்டு வீடுகள் விட்டு வெளியே வந்து நின்றன. ஏழாம் எண் வரவில்லை.

சூசைமாணிக்கம் உதட்டை இறுக்கிக் கன்னத்தை உப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், வண்டி போயிருச்சு" என்றேன். கண்ணைச் சிமிட்டினான். "சொல்றேன்னீங்க" என்றேன். மறுபடி சிமிட்டினான். பேச வேண்டுமானால் மூச்சை விட வேண்டும், விட்டால் பேச வேண்டும். அவனுக்கு அது தெரியும்.

அன்று ராத்திரி வரை விடவில்லை. மறுநாளும் விடவில்லை. டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து நாடி நன்றாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதை எப்படி முழுங்குவது என்று அவரும் சொல்லவில்லை. புதுச் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் தெருவுக்குப் பழகிவிட்டது. காலையில் ரெஜினா அவன் முகத்தைத் துடைத்துத் தலை வாரிவிடுகிறாள். சோறு தண்ணீர் இல்லை, இளைக்கவும் இல்லை. முன்சுவர் ஒரு முழம் உள்ளேயே நிற்பதால் கட்டிலை நீளவாக்கில் திருப்பிப் போட்டார்கள், பீரோவைப் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். ஒருவர் விட்டால் வீடும் விடும் என்ற பழைய சட்டம் இவனிடம் பலிக்கவில்லை, அதற்கும் யாரும் காரணம் தேடவில்லை. இனி ஏழாம் எண்ணில் யார் மூச்சு விட்டாலும் ஆபத்தில்லை, அவன் ஒருவனே வீட்டுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இழுப்பு நோய்க்காரர்கள் வண்டி நேரத்துக்கு அங்கே வந்து உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மகராசன், எங்களுக்காகத்தான் பிடித்திருக்கிறார் என்று ஒரு அம்மாள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

கூட்டம் இரண்டு மடங்கானது. வாசலில் இன்னொரு போர்டு வைத்தார்கள். இந்தப் பக்கம் 'மூச்சு விட்ட பாக்கியநாதன்', அந்தப் பக்கம் 'மூச்சு விடாத சூசைமாணிக்கம்'. படம் எடுக்கிறவர்கள் இரண்டும் தெரிகிற மாதிரி எடுக்கிறார்கள்.

ரெஜினாவுக்கு நான் யார் என்று மூன்றாவது வாரம் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் போன பிறகு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு அப்பாகிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒரு பாக்கி."

"என்ன பாக்கி?"

நான் சூசைமாணிக்கத்தைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருக்க, கண் மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தது, முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் கெஞ்சிய அதே கெஞ்சல். நானே சொல்லிவிட்டிருக்கலாம். நம்பினாலும் நம்பியிருப்பாள். ஆனால் நான் சொன்னால் அது முன்பு சொன்னதையே நான் இன்னொரு தரம் சொன்னதாகத்தான் ஆகும். அதை நான் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன். வர வேண்டியது அவன் வாயிலிருந்து.

"அவரு சொல்லுவாரு" என்றேன்.

"வேணும்னா உங்க பேர எடுத்துடட்டுமா மாமா? பழசெல்லாம் யாருக்கு வேணும். தெரியாம நடந்ததுதானே, பரவால்ல." ஞானப்பூ சொன்ன அதே பரவாயில்லை.

"எடுக்காத. எடுக்க வேண்டியவரு உங்கப்பா" என்றேன். அவள் என்னைப் பிடிவாதக்காரக் கிழவன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

பதினொரு மாதமாகிறது. வியாழக்கிழமை தோறும் மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். உறவுக்காரர், டிக்கெட் வேண்டாம் என்கிறாள் ரெஜினா. வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தே வருகிறேன். நீலச் சேலைக்காரி இன்னமும் தோளைத் தூக்காதீர்கள் என்கிறாள். பொத்தலில் தலையை விட்டுச் சிரிக்கிறவர்களைத் தாண்டி உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்காருகிறேன். அவன் மூக்கோரம் ஒரு மயிரிழைப் புகைகூட வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. ஞானப்பூவின் வருஷ பூசை நடந்த செய்தியைச் சொன்னேன், பிலோமிக்குப் பையன் பிறந்ததைச் சொன்னேன், எல்லாவற்றுக்கும் சிமிட்டுகிறான்.

இன்றும் நாலு பத்து வந்தது. ரெஜினா "எக்கு" என்றாள். இந்த வீட்டில் இப்போது யாரும் பிடிக்க வேண்டியதில்லை, ஆனாலும் நான் பிடித்தேன். கண்ணைத் திறந்துகொண்டே பிடித்தேன். முதல் அருள்நிறை போனது, இரண்டாவது போனது, வண்டி தீர்ந்தது, அவள் "விடு" என்ற பிறகும் இன்னும் நாலு அருள்நிறை அவனோடு சேர்ந்து பிடித்துப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நான் விட்டுவிட்டேன். அவன் இன்னும் விடவில்லை.